மூலையில் நின்றவன்

மயிலாடி,
1953 செப்டம்பர் 6.

அய்யா உண்டு.

அன்புள்ள அண்ணன் சுயம்புவுக்கு, தங்கை பூங்கனி எழுதுவது. இங்கே அப்பா, அம்மை, நான், சிவப்புப் பசு எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் உன் மூக்கின் சுகத்தையும் தனித்தனியே எழுதவும். குத்துச்சண்டைக்காரனுக்கு இரண்டும் ஒன்றல்ல என்று கேள்வி.

'அமெச்சூர் பந்தயத்தில் வென்றேன்' என்று நீ எழுதியதை அம்மைக்கு வாசித்தேன். அம்மை உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மைச் சோறா? பாவம் எனக்க பிள்ளைக்கு, அங்க போயும் அம்மைச் சோறுதான் நெனப்பு" என்றாள். நான் திருத்தவில்லை. காசு வாங்காமல் பதக்கத்துக்காக மட்டும் அடிவாங்குவதுதான் அமெச்சூர் என்று சொன்னால் இன்னும் அழுவாள். நானும் தினமும் உரலில் குத்துகிறேன். எனக்கு யாரும் பதக்கம் தரவில்லை, அதையும் எழுதிக்கொள்.

மதராஸில் உனக்குச் சிலை வைக்கப் போகிறார்கள் என்று கல்கொத்தும் பட்டறையில் சொல்லி வைத்தேன். அவர்கள் நேரே அப்பாவிடம் வந்து உன் மூக்கின் அளவு கேட்டுவிட்டார்கள். அதற்கு எனக்கு ஏச்சு தனியாகக் கிடைத்தது.

உன் கடிதம் வந்தபோது அப்பா பனையிலிருந்து விழுந்த ஒருவரின் பிசகிய தோளைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். நீ வென்ற செய்தியைச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல், "தோத்த பயல எழுப்பி விட்டானா?" என்றார். மற்ற வீடுகளில் பதக்கம் எத்தனை பவுன் என்று கேட்பார்கள். நாம் வர்ம வைத்தியர் வீட்டில் பிறந்துவிட்டோம். ஒருவனை அடித்து விழவைத்தால் அடித்தவனே பிடரியைத் தடவி எழுப்ப வேண்டும், அதற்கு முன் வேறு கை படக்கூடாது என்பதை உனக்கு நினைவுபடுத்தச் சொன்னார். நினைவுபடுத்திவிட்டேன்.

இப்படிக்கு,
பதக்கமில்லாத குத்துக்காரி
பூங்கனி.


பெரம்பூர், மதராஸ்,
1953 செப்டம்பர் 21.

அன்புத் தங்கை பூங்கனிக்கு, அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம். மூக்கும் சுகம்.

எழுப்பிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல். நடுவர் எண்ணி முடித்ததும் குனிந்து பிடரியைத் தடவித் தூக்கினேன். கூட்டம் கைதட்டியது.

என்னோடு ரயில்வே பட்டறையில் குமாரதாஸ் என்று ஒருவன் இருக்கிறான். அருமனைக்காரன். அவனும் குத்துச்சண்டைதான். இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே சீப்பு. உன் கடிதம் வந்தால் எனக்கு முன்னால் அவன் பிரித்துவிடுகிறான்.

ஒரு விஷயம். எங்கள் மாஸ்டர் ஜான்ரோஸ், எங்கள் இருவரையும் காசுப் பந்தயத்தில் ஏற்ற நினைக்கிறார். அதில் ஒருமுறை ஏறிவிட்டால் திரும்பவும் பதக்கப் பந்தயத்துக்கு விடமாட்டார்கள். எனக்கு ஆசைதான். அப்பா சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன். கேட்டு எழுது.

அன்புடன்,
சுயம்பு.

பி.கு. மயிலாடிக்காரிக்கு, குமாரதாஸ் எழுதுவது. உங்க அண்ணனுக்குச் சிலை வைக்கும்போது குறட்டையும் சேர்த்துக் கொத்தச் சொல்லவும். அந்தக் குறட்டைக்குக் கல் போதாது, மருந்துவாழ் மலையே வேண்டும்.


மயிலாடி,
1953 அக்டோபர் 11.

அய்யா உண்டு.

அண்ணனுக்கு, இங்கே சுகம், அங்கே சுகமென்று நம்புகிறேன்.

நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டேன். எண்ணெய் காய்ச்சும்போது அப்பா பேசமாட்டார், ஆனால் காது கேட்கும். காய்ச்சி இறக்கிய பிறகு சொன்னார்: "காசுக்கு அடிக்கது எனக்குப் பிடிக்கல. ஆனா அவனுக்க வயசுல என்னையும் ஒருத்தரும் தடுக்கல. போட்டும். காசுக்கு அடிச்சாலும் அடிச்சவனே எழுப்பணும். அத விட்டான்னா இந்த வீட்டுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிட்டு வருவான்?"

அம்மை சொன்னது ஒன்றுதான்: "பல்லு போனா பொண்ணு கெட்டிக்குடுக்க ஆளு கிடைக்காது."

அருமனைக்காரருக்கு: மருந்துவாழ் மலை எங்கள் மலை. அதைத் தருவதாக இல்லை. உங்கள் பக்கம் ரப்பர் இருக்கிறதே, ஒரு துண்டு எடுத்து அண்ணன் வாயில் வையுங்கள். பிறர் கடிதத்தைப் பிரிப்பவர்களுக்கு வேறு வேலையும் வேண்டுமல்லவா?

இப்படிக்கு,
பூங்கனி.


பெரம்பூர்,
1953 டிசம்பர் 14.

பூங்கனிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதல் காசுப் பந்தயத்தில் தோற்றேன். அடிபட்டுத் தோற்கவில்லை. மூன்றாவது ரவுண்டில் எதிராளி விழுந்தான். விழுந்தவனை நடுவர் பத்துவரை எண்ணுவார். அதுவரை அடித்தவன் ஒதுக்குப்புறமான மூலையில் போய் நிற்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் அவன் கண் செருகியது. என் கால் தானாகவே ஓடிவிட்டது. குனிந்து பிடரியைத் தொட்டேன். விழுந்தவனைத் தொட்டது குற்றம் என்று நான் தோற்றதாகச் சொல்லிவிட்டார்கள். கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஜான்ரோஸ் மாஸ்டர், "இது ஆஸ்பத்திரி இல்ல, பாக்ஸிங். மூலையில நிக்கத் தெரியாதவன் எனக்கு வேண்டாம்" என்றார்.

இனி நிற்பேன். அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

சுயம்பு.

பி.கு. மயிலாடிக்காரிக்கு, நீ கவலைப்படண்டாம். தினமும் சாயங்காலம் நான் கீழே விழுந்து கிடக்கிறேன், உன் அண்ணன் மூலையில் நின்று பழகுகிறான். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். அசைந்தான் என்றால் அன்றைக்குச் சோறு அவன்தான் வைக்க வேண்டும். இப்போதெல்லாம் சோறு நான்தான் வைக்கிறேன்.


மயிலாடி,
1954 ஜனவரி 24.

அய்யா உண்டு.

அண்ணனுக்கு, எல்லோரும் சுகம். சாமித்தோப்பில் அய்யா கோயில் தைத் திருநாளுக்குக் கொடியேறிவிட்டது. நானும் அம்மையும் போய் முத்திரிக் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் விட்டுக் கும்பிட்டு வந்தோம். உனக்கும் சேர்த்து நாமம் இட்டுக்கொண்டேன். நெற்றி சின்னது, இடம் போதவில்லை.

அப்பாவிடம் உனக்கு ஜுரம், அதனால் பந்தயம் தள்ளிப்போனது என்று சொல்லிவிட்டேன். "ஜுரத்துக்குச் சுக்கும் மிளகும் போடச் சொல்லு" என்று பொட்டலம் கட்டித் தந்தார். இத்துடன் வருகிறது. இல்லாத ஜுரத்துக்கு இருக்கிற மருந்து. சாப்பிட்டுவிடு, பாவம் குறையட்டும்.

ஆனால் அண்ணா, உனக்கு ஜுரமென்று ஒருமுறை சொல்லலாம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஜுரம் வந்தால் அப்பா புறப்பட்டு வந்துவிடுவார். நீ மூலையில் நிற்பதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு என்னமோபோல் இருந்தது. என்னமோபோல் என்றால் என்ன என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

வைகாசித் திருநாளுக்கு லீவு போட்டு வா. உன் கூட்டாளியையும் கூட்டி வரலாம் என்று அம்மை சொல்கிறாள். அம்மைதான் சொல்கிறாள். விழுந்து கிடந்து பழக்குகிறவருக்கு ஒரு நேரம் உட்கார்ந்து சாப்பிடக் கொடுக்க வேண்டாமா?

இப்படிக்கு,
பூங்கனி.


பெரம்பூர்,
1954 மார்ச் 3.

பூங்கனிக்கு,

சுகம். அடுத்தடுத்து மூன்று பந்தயம் வென்றேன். குமாரதாஸும் ஒன்றிலும் தோற்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. எங்கள் எடைக்குத் தென்னிந்திய சாம்பியன் பெல்ட் வைத்திருக்கிறார்கள். அதற்கு மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். பந்தயம் பங்குனிக் கடைசியில். சுவரெல்லாம் நோட்டீஸ். 'திருவிதாங்கூர்ப் புலிகள் மோதல்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரே அறையில் ஒரே ஸ்டவ்வில் கஞ்சி வைக்கிற புலிகள்.

வேண்டாமென்று மாஸ்டரிடம் சொன்னேன். குமாரதாஸ்தான், "எவன் ஜெயிச்சாலும் பெல்ட்டு நம்ம ஆணியிலதானே தூங்கும்" என்று சமாதானம் சொன்னான். ஒப்புக்கு அடித்தால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், கையெழுத்துப் போட்டபின் நேர்மையாக அடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டான்.

சுயம்பு.

பி.கு. மயிலாடிக்காரிக்கு, உன் அண்ணன் மூக்கில் நான் ஒன்று கொடுத்தால் வைகாசியில் எனக்குச் சோறு உண்டா, இல்லையா? இதற்குத் தெளிவாகப் பதில் வேண்டும். அதைப் பொறுத்துத்தான் நான் குறிபார்ப்பேன்.


மயிலாடி,
1954 மார்ச் 14.

அய்யா உண்டு.

அண்ணனுக்கும், குறிபார்க்கிறவருக்கும்,

சோறு உண்டு. மூக்கை விட்டுவிட்டு வேறெங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். அண்ணனும் அதேபோல் பார்த்துக் கொடுக்கவும். நான் யார் பக்கம் என்று கேட்டு எழுத வேண்டாம். நடுவர் பக்கம்.

அப்பாவிடம் சொன்னேன். "கூட்டாளியா? அப்பம் பயமில்ல. கூட்டாளிய எழுப்பாம எவன் போவான்?" என்றார்.

இரண்டு பேரும் நடந்து வாருங்கள். பெல்ட் பின்னால் வரட்டும்.

பூங்கனி.


பெரம்பூர்,
1954 ஏப்ரல் 12.

பூங்கனிக்கு,

ஏழாவது ரவுண்டில் வென்றேன். பெல்ட் கிடைத்தது. அப்பா அம்மையிடம் சொல். இங்கே வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுயம்பு.


மயிலாடி,
1954 ஏப்ரல் 20.

அய்யா உண்டு.

அன்புள்ள சாம்பியனுக்கு, எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. தந்தி அடித்தால்கூட இதைவிட நீளமாக இருக்கும். ஆனாலும் ஊருக்கு அது போதும். கல்பட்டறைக்காரர்கள் வெடி போட்டார்கள். அம்மை பாயசம் வைத்தாள். பசுவுக்கு மாலை போட்டவள் நான்தான். அது மாலையைத் தின்றுவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் ஏழாவது ரவுண்டை நான் பார்த்ததுபோலவே சொல்லிக் காட்டினேன். எட்டு வீட்டில் எட்டு விதமாக அடித்திருக்கிறாய்.

அப்பா பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கூட்டாளிப் பய எப்பிடி இருக்கான்? எழுப்பினானா?" என்று கேட்டார். உன் கடிதத்தை வாங்கித் தாமே ஒருமுறை வாசித்தார். பிறகு பாயசத்தைக் கீழே வைத்துவிட்டார்.

கீழே பி.கு.வுக்கு இடம் இருந்தது. காலியாக இருந்தது. தோற்றதற்குக் கோபமா உன் கூட்டாளிக்கு? சோறு உண்டு என்று நான் எழுதியது எழுதியதுதான், தோற்றவருக்கும் இலை போடுவோம் என்று சொல்லவும்.

உடனே பதில் எழுது.

பூங்கனி.


மயிலாடி,
1954 மே 5.

அண்ணா,

பதில் இல்லை. தபால்காரர் நம் வீட்டைக் கண்டால் இப்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

அப்பா இன்றைக்கு எண்ணெய்க் குப்பிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். நான் கேட்காமலே சொன்னார்: "எழுப்பலன்னா எழுப்பலன்னு இப்பமே எழுதச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வண்டியேறி வந்திருதேன். எவ்வளவுக்கு நாளு போவுதோ அவ்வளவுக்குக் கஷ்டம்."

ஏசமாட்டார் அண்ணா. முகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுது, போதும். உன் கூட்டாளி நடந்து பேசிக்கொண்டு திரிகிறார் என்றால் அதையாவது எழுது.

பூங்கனி.


பெரம்பூர்,
1954 ஜூன் 2.

பூங்கனிக்கு,

குமாரதாஸ் போய்விட்டான். போன வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு விழுந்தவன் கண் திறக்கவே இல்லை. விழும்போது தலை பின்னால் அடித்தது. எனக்குச் சத்தம் கேட்டது. நான் மூலையில் போய் நின்றேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எண்ணினார்கள். அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து என்றதும் ஓட நினைத்தேன். அதற்குள் ஜனங்கள் மேடையில் ஏறி என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நான் இறக்கிவிடச் சொல்லிக் கத்தியது சந்தோஷத்தில் கத்துவதாக நினைத்தார்கள். இறங்கி வரும்போது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். தினமும் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் அந்தப் பக்கம் போனால் பிடரியையும் உள்ளங்காலையும் அப்பா சொல்லித் தந்தபடி தடவுவேன். அடித்தவன் கைதான் எழுப்ப வேண்டும், என் கையாலேயே எழுப்பிவிட்டு வீட்டுக்கு எழுதுவோம் என்று இருந்தேன். எழுப்பவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா வண்டியேறி வருகிறேன் என்று சொன்னதாக நீ எழுதிய கடிதம் வந்தபோது அவன் உயிரோடு இருந்தான். நாளைக்குக் கண் திறப்பான் என்று அதை மடித்து வைத்தேன். மறுநாளும் அப்படியே.

அவன் அம்மை செல்லத்தாய் அருமனையிலிருந்து வந்து கூட இருந்தாள். என்னை அவன் கூட்டாளி என்று மட்டும் தெரியும். எனக்கும் கஞ்சி ஊற்றித் தந்தாள். குடித்தேன். அடித்தது நான் என்று சொல்லவில்லை.

இனி மேடை ஏறமாட்டேன். வீட்டுக்கும் வரமாட்டேன். அப்பாவிடம் நீயே சொல்.

சுயம்பு.


மயிலாடி,
1954 ஜூன் 17.

அய்யா உண்டு.

அன்புள்ள அண்ணனுக்கு, அப்பாவும் அம்மையும் இருக்கிறார்கள். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை அப்பாவிடம் நான் வாசிக்கவில்லை. கையில் கொடுத்துவிட்டுப் பசுவிடம் போய் நின்றுகொண்டேன். வெகுநேரம் கழித்து வந்து, "நாளைக்குக் காலம்பற அருமனைக்குப் போணும், நீயும் வா" என்றார்.

நாகர்கோவில் போய், மார்த்தாண்டம் போய், இன்னொரு பஸ் மாறி அருமனை போய்ச் சேர்ந்தோம். மழை. ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு ஓலை வீடு. செல்லத்தாய் முற்றத்தில் மிளகு காயப்போட்டதை மழைக்கு அள்ளிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து அள்ளினேன். அள்ளி முடித்த பிறகுதான் யார் என்று கேட்டாள்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா அப்படி ஒருவர் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. "தாயி, உனக்க மவன அடிச்சது எனக்க மவன் சுயம்பு. கூட்டாளின்னு உனக்குப் பக்கத்துல இருந்தானே, அவன். அத அவன் சொல்லல. நான் சொல்ல வந்தேன்" என்றார்.

அவள் அழவில்லை. "அது எனக்கு அங்க வச்சே தெரியும்" என்றாள். "அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல அப்பிடி இருந்தவன் வேற ஆரா இருக்கும்? பிள்ளை கஞ்சியும் குடிக்கமாட்டான். நான் ஏசி ஏசித்தான் குடிக்க வச்சேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீயா பூங்கனி? உனக்க வாயப் பத்தி எனக்க பிள்ளை எழுதுவான். வைகாசியில ஒரு இடத்துக்குப் போணும், நல்ல வேட்டி ஒண்ணு எடுத்து வையி அம்மைன்னு எழுதியிருந்தான்."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை என்றால் நம் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நீ நம்பு.

கருப்பட்டிக் காப்பி தந்தாள். குடித்தோம். புறப்படும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கட்டா வைத்தியரே? மறைக்காம சொல்லணும். சேதி தெரிஞ்சு நீங்க அங்க வந்திருந்தா, எனக்க பிள்ளை எழும்பியிருப்பானா?"

பனையிலிருந்து விழுந்தவர், மாட்டிடம் குத்துப்பட்டவர், கிணற்றில் விழுந்தவர் என்று எத்தனை பேரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். 'என்னால முடியாது' என்று அப்பா வாயால் நான் இதுவரை கேட்டதில்லை. நீயும் கேட்டிருக்க மாட்டாய். மழைத்தண்ணீர் ஓலையிலிருந்து அவர் தோளில் விழுந்துகொண்டே இருந்தது. நகரவில்லை.

"இல்ல தாயி. எனக்க கைக்கும் எழும்பியிருக்க மாட்டான். டாக்டர் சொன்னதுதான் செரி" என்றார்.

அவள் கையை விட்டாள். "அப்பம் செரி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பஸ்ஸில் நான் ஜன்னலோரம் இருந்தேன். தக்கலை வரும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன், பிறகு கேட்டுவிட்டேன்: "அந்த அம்மையிட்ட சொன்னது உள்ளதா, சும்மா சொன்னதா அப்பா?"

அப்பா தம் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தார். பஸ் நின்று ஆள் ஏறி மறுபடி புறப்பட்டது.

"சுயம்புக்கு எழுது" என்றார்.

"என்னான்னு?"

"நான் வந்திருந்தாலும் எழும்பியிருக்க மாட்டான்னு எழுது. அப்பா சொன்னாருன்னு எழுது. வீட்டுக்கு வரச் சொல்லு."

எழுதிவிட்டேன் அண்ணா. நீ நம்பிவிடு. நீ நம்பினால்தான் நானும் நம்ப முடியும்.

இப்படிக்கு,
உன் தங்கை,
பூங்கனி.